கதவோர வரிசை

நிங்போ,
மார்ச் 4, 2007

அன்பு மகள் பெய்சினுக்கு,

அப்பாவும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வந்து சேர்ந்தோம். பதினோரு மணி நேரம் ரயிலில் நின்றே வந்ததில் அம்மாவின் கால் வீங்கிவிட்டது. இரண்டு நாளில் வற்றிவிட்டது. விடுதியில் குளிர் விட்டதா? அந்த ஒற்றை போனுக்காக நீ வரிசையில் நிற்க வேண்டாம். நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும். நான் எழுதுகிறேன், நீயும் எழுது.

வேலை பழைய வேலைதான். எனக்கு இரண்டாம் நம்பர் டவர் கிரேன், அம்மாவுக்கு அறுபது பேருக்குச் சமையல். இந்தத் தடவை கட்டடம் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி எழும்புகிறது. மேலே கூண்டில் உட்கார்ந்தால் பிள்ளைகள் மைதானத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தம்போட்டு ஆங்கிலம் படிப்பது தெரியும். உன் நினைவு வரும்.

இதோடு ஒரு பார்சல் வரும். டேப் ரெக்கார்டர். ஒரு வாக்கியத்தைப் பொத்தான் அமுக்கித் திரும்பத் திரும்பப் பேசவைக்கலாம். கடைக்காரன், "அண்ணே, இத வாங்கிக் குடுத்துட்டு பொண்ணு ஃபெயிலானா என் சட்டையப் புடிங்க" என்றான். அவன் சட்டையைப் பார்த்துவைத்திருக்கிறேன். நீ சேர ஆசைப்படுகிற மொழிக் கல்லூரியில் மொத்த மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, டேப்பைக் கேட்டு விடை குறிக்கிற கேட்டல் பகுதியின் முப்பது மார்க்கைத் தனியாகவும் பார்ப்பார்கள் என்று உங்கள் ஷென் டீச்சர் சொன்னார். அதில் வழுக்கிவிடாதே.

புது வருட இரவில் நடந்ததைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. பட்டாசுச் சத்தத்தோடு அது போய்விட்டது என்று வைத்துக்கொள்.

அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சாப்பிடறாளான்னு கேளு. மார்க்கு மார்க்குன்னே எழுதாத" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

உன் அப்பா,
லியாவ் குவாங்தியன்


யுன்தான் மேல்நிலைப் பள்ளி விடுதி,
மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் காய்ச்சல் வந்து போனது, மாத்திரை போட்டுக்கொண்டேன். டேப் ரெக்கார்டர் வந்தது. மிகவும் நன்றி.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான முதல் மாதிரித் தேர்வு முடிந்தது. ஆங்கில வாசிப்பில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கேட்டலில் ஒன்றரை மார்க் கேள்வி இருபதில் பதினேழு சரி. சன்னலோர வரிசையில் இடம் விழுந்தது, ஸ்பீக்கர் நேர் எதிரே. போன பருவத்தில் பத்தொன்பது எடுத்தேனே என்று டீச்சர் கேட்டார். காய்ச்சல் என்றேன்.

அந்த டேப்பில் பேசுகிற ஆட்கள் ரொம்ப விசித்திரமானவர்கள் அப்பா. அவர்கள் ரயில் எப்போதும் தாமதம்தான். கடையில் அவர்கள் அளவுக்குச் சட்டை கிடைத்ததே இல்லை. வெளியே சுற்றப் போகத் திட்டம் போட்டால் கட்டாயம் மழை பெய்யும். ஒரு பெண் ஏதாவது விலை சொன்னால் அது விடை அல்ல, பின்னால் தள்ளுபடி வரும். இவர்களோடு வாழ்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் சத்தமாக வைக்கிறேன் என்று அறைத் தோழி ஃபாங்லிங் சண்டை போடுகிறாள். "ஹெட்போன் மாட்டிக்கிட்டும் என் கட்டில் வரைக்கும் கேக்குது, ரயில் லேட்டுன்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்கிறாள். குறைத்துக்கொள்கிறேன்.

அம்மா மெத்தை தைத்து மீந்த சுத்தமான பஞ்சு இருந்தால் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள்.

மகள்,
பெய்சின்


நிங்போ,
ஏப்ரல் 1

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டினேன். ரயில் தாமதம் என்றதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். "நம்ம ரயிலயும் அவனுங்கதான் ஓட்டுறானுங்க போல" என்றான் ஒருவன். பதினேழு என்றதும் கைதட்டினார்கள். நான் பெருமையில் இரண்டு கிண்ணம் கூடுதலாகச் சாப்பிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அம்மாவின் கால் சரியாகிவிட்டது.

டேப்பை அவ்வளவு சத்தமாக வைக்காதே. காது போய்விடும். இங்கே கம்பி கட்டுகிற பியான் என்று ஒருவர். துளைபோடும் மெஷினில் ஏழு வருடம் வேலை செய்து இடது காது போய்விட்டது. சாப்பிடும்போது பெஞ்சின் இடது கோடியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் கிண்ணத்தோடு நின்றே சாப்பிடுவார். "கோடி ராஜா" என்று கிண்டல் செய்வோம். பாவம், நல்ல மனிதர்.

பஞ்சு அனுப்பியிருக்கிறாள் அம்மா. எதற்கு என்று கேட்கிறாள். நீ எழுதவில்லையே?

அப்பா


யுன்தான்,
ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பஞ்சு வந்தது.

இரண்டாம் மாதிரித் தேர்வு முடிந்தது. வாசிப்பில் முப்பத்தெட்டு. கேட்டலில் பதின்மூன்று சரி. கதவோர வரிசை. வெளியே தாழ்வாரத்தில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வேறு விசேஷம் இல்லை. வேலை நிறைய இருக்கிறது, அடுத்த கடிதம் தாமதமாகலாம்.

பெய்சின்


யுன்தான் மேல்நிலைப் பள்ளி,
ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய லியாவ் குவாங்தியன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் மனைவியும் நலமாயிருப்பீர்கள். இக்கடிதத்தை நான் விருப்பத்தோடு எழுதவில்லை.

இரண்டாம் மாதிரித் தேர்வின் கேட்டல் பகுதியில், ஒலிப்பதிவு தொடங்குமுன்பே உங்கள் மகள் பதினான்கு விடைகளைக் குறித்து முடித்துவிட்டதைக் கண்காணிப்பாளர் பார்த்திருக்கிறார். அவற்றுள் பதின்மூன்று சரி. மீதி ஆறில் ஒன்றுகூடச் சரியில்லை. ஒலிப்பதிவு ஓடும்போது அவள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாளாம். வினாத்தாள் முன்கூட்டியே அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்பது தலைமையாசிரியரின் முடிவு. மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டோம். "நான் திருடலை" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

இது அவளுடைய பதிவேட்டில் ஏறினால் எந்தக் கல்லூரியும் அவளைச் சேர்க்கத் தயங்கும். மே பத்தாம் தேதிவரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். நாலு வருடமாக அவளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் நான் நினைப்பது சாட்சியாகாது. தாங்கள் கேட்டால் ஒருவேளை சொல்வாள்.

ஷென் யூச்சியூ,
வகுப்பாசிரியர்


நிங்போ,
ஏப்ரல் 29

பெய்சின்,

உடம்பு எப்படி என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

டீச்சர் கடிதம் வந்தது. நீ எனக்குப் "பக்கெட்டை இழுத்தார்கள்" என்று எழுதுகிறாய்! ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாள் எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தார்கள்? நாற்பது மாடி உயரத்தில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போகக்கூட இறங்காமல் நான் வேலை செய்வது, என் மகள் திருடி என்று பெயர் எடுப்பதற்கா? அறுபது பேருக்கு முன்னால் உன் கடிதத்தைப் படித்துக் கைதட்டு வாங்கினேனே, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நீ எதையும் மறைக்கிற பிள்ளை இல்லை. புது வருட இரவில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "வருஷத்துல ஒம்பது நாளு மட்டும் அப்பாவா இருக்கிறவரு எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று கேட்டவள்தானே! அந்த வாய் இப்போது எங்கே போனது?

பத்தாம் தேதிக்கு முன் உண்மையைச் சொல். எனக்கு இல்லாவிட்டாலும் டீச்சருக்கு.

குவாங்தியன்

பின்குறிப்பு: அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "என் பொண்ணு திருடமாட்டா. இந்த மனுஷன் கத்துறத காதுல வாங்காத. பயப்படாதடி."


யுன்தான்,
மே 8

அப்பாவுக்கு,

அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயப்படவில்லை அம்மா. சாப்பிடுகிறேன்.

அப்பா, நான் திருடவில்லை. படித்தேன். ஒலிப்பதிவு தொடங்குமுன் வினாத்தாள் கைக்கு வந்துவிடும், விடைகளும் அதிலேயே மூன்று மூன்றாக அச்சாகியிருக்கும். அந்த மூன்றையும் படித்தாலே அங்கே என்ன கதை நடக்கிறது என்று தெரியும். ஒரு கேள்வியில் மூன்று நேரம் இருந்தால் அது ரயில், ரயில் தாமதம், ஆகவே கடைசி நேரம். மூன்று விலை இருந்தால் தள்ளுபடி, ஆகவே குறைந்த விலை. பத்து வருடத் தாள்களை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். வாசிப்புப் பகுதியை எப்படிச் செய்வேனோ அப்படித்தான் இதையும் செய்தேன்.

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் புதிதாக வந்த தாள்கட்டைப் பிரித்து ஒன்றை உருவி, டேப் போடாமலே, "இப்ப செய். என் எதிர்ல செய்" என்றார். செய்தேன். பன்னிரண்டு சரி. தலைமையாசிரியர் வேறொரு தாள் கொடுத்தார், அதிலும் பன்னிரண்டு. "அடப்பாவி, இந்தத் தாளத் தயாரிக்கிறவங்கள முதல்ல வேலைய விட்டுத் தூக்கணும்" என்றார் அவர். பதிவேட்டில் எதுவும் ஏறாது. என் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் அறுபது பேரிடமும் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் டீச்சர் ஒன்று கேட்டார். "ஊகிச்சுக் குறிச்சது சரி. அப்புறம் டேப் ஓடுச்சே, அப்ப ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டே?" நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். டீச்சர் வாசிப்பு வகுப்பில் எப்போதும் சொல்வார், எழுதினவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதைத்தான் கடைசிக் கேள்வி கேட்கும் என்று. அன்றைக்கு அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்.

உங்களுக்கு மார்க் விவரம் போதும் என்று நினைக்கிறேன்.

பெய்சின்


நிங்போ,
மே 17

மகளுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அந்த நான்கு நாளும் இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அம்மா நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை.

உன்னைத் திருடி என்று எழுதிய கையால் இதை எழுதுகிறேன். முதல் நாள் எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். பியான் மட்டும் கைதட்டாமல் கேட்டார்: "குவாங்தியன், காது கேக்குற புள்ள எதுக்குய்யா கேக்காமயே விடை போடணும்? இருந்து கேட்டுட்டுப் போட்டா போதாதா?"

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உன் கடிதங்களை எடுத்து, உங்கள் டீச்சர் சொல்கிற மாதிரி, கடைசிக் கேள்விக்கு விடை தேடுகிறவனாகப் படித்தேன். சன்னலோரம், ஸ்பீக்கர் நேரே: பதினேழு. கதவோரம், அங்கிருந்து பார்த்தால் ஸ்பீக்கர் உனக்கு இடது பக்கம், வலது பக்கம் தாழ்வாரம்: டேப்பிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஃபாங்லிங் கட்டில் வரைக்கும் கேட்கிற சத்தம். காய்ச்சல். பஞ்சு. அம்மா எதற்கு என்று கேட்டும் நீ சொல்லாத பஞ்சு.

அப்புறம் நாங்கள் கிளம்பின அன்று பஸ் நிலையத்துக்கு நடந்தது ஞாபகம் வந்தது. நீ என் இடது பக்கமே நடந்தாய். நான் மூட்டையைத் தோள் மாற்றி அந்தப் பக்கம் வந்தால் நீ சுற்றிக்கொண்டு மறுபடி இடது பக்கம் போனாய். இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது பியான் பெஞ்சில் இடம் பிடிக்கிறது போலத்தான் இருந்திருக்கிறது. என் குரலை உன் வலது பக்கம் வைத்துக்கொண்டாய்.

எந்தக் காது என்று நீ எழுத வேண்டாம். நானே எழுதுகிறேன். நான் வலது கைக்காரன். எதிரே நிற்கிற பிள்ளையை அறைந்தால் அது இடது காதில்தான் விழும்.

நீ காதைப் பொத்திக்கொண்டாய். அப்போது வெளியே பட்டாசு வெடித்தது, எல்லோருமே காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அத்தையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உனக்கும் பட்டாசுதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்க வசதியாக இருந்தது, நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போடவில்லை. அப்புறம், "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. இன்னைக்கே எழுது" என்றாள். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போ. பெய்சின், போ.

அப்பா


யுன்தான்,
மே 26

அப்பாவுக்கு,

அம்மாவை அழவேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு வலி இல்லை இப்போது.

போனேன். டீச்சர் கூட வந்தார். இடது காதுச் சவ்வில் ஓட்டை, அது ஆறாமல் சீழ் வைத்திருக்கிறது. உள்ளே எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், அதைப் பஞ்சால் அடைத்து வைத்திருந்தேன். அடைக்கவே கூடாதாம். டாக்டர் திட்டினார். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் கோடை விடுமுறையில்தான்.

காது கேளாதவர்களுக்குக் கேட்டல் பகுதியிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு மனு போட வேண்டிய காலம் குளிர்காலத்தோடு முடிந்துவிட்டது. முடியாமல் இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். அந்தச் சான்றிதழ் இருந்தால் மொழிப் படிப்பில் என்னை யார் சேர்ப்பார்கள்? ஏப்ரலில் உடல் பரிசோதனை நடந்தபோது டாக்டர் தூரத்தில் நின்று கிசுகிசுவென்று எண்கள் சொன்னார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளிடம் சொன்ன அதே எண்கள், அதே வரிசை. மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். அங்கே திருடவில்லை என்று சொல்லமுடியாது.

மூன்றாம் மாதிரித் தேர்வில் ஆறு கேள்விதான் சரி. மறுபடியும் கதவோர வரிசை, இரண்டாம் மாடி. தாழ்வாரத்துக்கு நேர் கீழே சைக்கிள் கொட்டகை, முழுக்கத் தகரக் கூரை. அன்றைக்கு மழை. தகரத்தில் மழை அடித்தால் என் வலது காதில் அது மட்டும்தான் கேட்கும். ஊகிக்கலாம் என்று பார்த்தால், இந்தத் தடவை ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது அப்பா. சட்டையும் அளவாக இருந்தது. தலைமையாசிரியர் சொன்னது தாள் தயாரிக்கிறவர்கள் காதுக்குப் போய்விட்டது போல. நிஜமான ஆங்கிலத் தேர்வு ஜூன் எட்டாம் தேதி மதியம் மூன்று மணிக்கு. ஜூனில் இங்கே மழை பெய்யாத நாள் உண்டா?

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உங்கள் மனசு நோகும் என்றுதான் சொல்லவில்லை என்று எழுதியிருப்பேன். அது பொய். இது ஒன்று என் கையில் இருக்கட்டும், என்றைக்காவது எடுத்து உங்கள் முன் வைக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு. அல்லது சேரமுடியாமல் போன அன்றைக்கு. நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு அதிலும் கோபம்.

இன்னும் கோபம் இருக்கிறது. போய்விட்டது என்று எழுத வரவில்லை.

பெய்சின்


நிங்போ,
மே 31

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் தேர்வுக்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். நாங்கள் நலம். சொட்டு மருந்தை விடாமல் போடு, காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

கோபம் இருக்கட்டும். எனக்காக அதை அவசரப்பட்டு விட்டுவிடாதே.

இங்கே பக்கத்துப் பள்ளியிலும் அதே தேர்வு நடப்பதால் ஏழாம் தேதியும் எட்டாம் தேதியும் சத்தம் வரக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இரண்டு நாளும் கிரேன் ஓடாது. கொட்டகையின் நீளம் அகலம் தெரியுமா என்று ஷென் டீச்சரைப் போனில் கேட்டேன். அது வேறு விஷயம், நீ அதைப் பற்றி யோசிக்காதே.

அம்மா, "வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு, ஆனா எண்ணெய்ப் பலகாரம் வேணாம்" என்கிறாள்.

அப்பா


யுன்தான்,
ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். காதில் சீழ் நின்றுவிட்டது. அப்பாவுக்கு முழங்கையில் தகரம் கிழித்ததாமே, அது ஆறியதா? ஊசி போட்டுக்கொண்டீர்களா?

எனக்கு விழுந்தது இரண்டாம் மாடி, கதவோர வரிசை, கடைசிக்கு முந்தின இடம். ஏழாம் தேதி காலையில் அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எட்டாம் தேதி மதியம் இரண்டே முக்காலுக்கு உள்ளே விட்டார்கள், கீழே பார்க்காமல் நேரே போய் உட்கார்ந்தேன். இரண்டு ஐம்பதுக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, சன்னலுக்கு வெளியே மரம் தெரியவில்லை. தகரம் அடிக்கப்போகிறது, அடிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அடிக்கவில்லை. மழை பெய்வது தெரிகிறது, தாழ்வாரத்துச் சுவரில் தண்ணீர் வழிகிறது, கீழே இருந்து சத்தமே வரவில்லை. என் வலது காதும் போய்விட்டது என்று நினைத்தேன் அப்பா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். உயிரே போய்விட்டது. அப்புறம் ஸ்பீக்கரில் அந்த ஆள் தொண்டையைக் கனைத்தான். கேட்டது. தலையை நன்றாகத் திருப்பி வலது காதை அவனுக்குக் கொடுத்தேன். முதல் ஆள், இரண்டாவது ஆள், அந்தப் பெண், எல்லோரும் பேசினார்கள். எல்லாம் கேட்டது.

முடித்துவிட்டு வெளியே வந்து தாழ்வாரத்திலிருந்து கீழே பார்த்தேன். கொட்டகைக் கூரை முழுக்க வைக்கோல் பாய். சிமெண்டு சீக்கிரம் உலராமல் இருக்கப் போர்த்துவார்களே, அந்தப் பாய், இரண்டு அடுக்காக. ஓரமெல்லாம் கட்டுக்கம்பி போட்டு, கம்பி கட்டுகிறவர்கள் முறுக்குகிற மாதிரி இரண்டு சுற்று முறுக்கியிருந்தது. அந்த முறுக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சரிடம் ஓடினேன்.

டீச்சர் எல்லாம் சொன்னார். காலையிலேயே வந்துவிட்டீர்களாம். இங்கே ஊர்ப் பாலத்துக்குப் பக்கத்தில் எழும்புகிற கட்டடத்திலும் தேர்வுக்காக வேலை நிறுத்தியிருந்ததால் அங்கே இருந்த கிரேன்காரரிடம் பேசி எண்பது பாய் கடன் வாங்கினீர்களாம். காலைத் தேர்வு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், டீச்சரும் தலைமையாசிரியரும் பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்களாம். காவலர், "என்னய்யா, கொட்டகைக்குக் குளிருதா?" என்று கேட்டாராம். "ஆமாய்யா, என் பொண்ணுக்கு அது நடுங்குனா ஆகாது" என்றீர்களாம். அந்தக் காவலர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் பாய் தூக்கிக் கொடுத்தாராம்.

"அவளப் பாத்துட்டுப் போங்க" என்று டீச்சர் சொன்னதற்கு, "என் மூஞ்சியப் பாத்தா அவ கவனம் கலைஞ்சிரும். கோபமா இருக்கா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் வாசலைத் தாண்டிவிட்டீர்கள். நான் அப்போது விடுதியில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு அடி தூரம்கூட இல்லை.

பத்திரிகையில் விடைகள் வந்துவிட்டன. டீச்சரோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். கேட்டலில் இருபதுக்குப் பத்தொன்பது. தவறிப்போனது, முன்கூட்டியே ஊகித்துக் குறித்துவைத்து, பிறகு மாற்ற மனமில்லாமல் விட்ட ஒன்று. காதால் கேட்டுப் போட்டதெல்லாம் சரி. கல்லூரி கிடைக்கும் என்கிறார் டீச்சர்.

பாய்களை நானும் ஃபாங்லிங்கும் அவிழ்த்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உங்கள் முறுக்கு அவிழ மாட்டேன் என்றது, குறடு வாங்கிவந்து வெட்டினோம்.

புது வருட இரவில் நான் சொன்ன அந்த ஒன்பது நாள் கணக்கில் ஜூன் எட்டாம் தேதியையும் சேர்த்திருக்கிறேன். கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஆபரேஷன் ஜூலை மூன்றாம் தேதி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வர வேண்டும். பஸ் நிலையத்துக்கு நான் வருவேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு மைல், நடந்தே போகலாம். அப்பா, என் வலது பக்கமாக வாருங்கள். நீங்கள் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்,
பெய்சின்